எச்.டி. வீடியோ கேம் கன்சோல்கள்: நாட்டுக்கு நாடு மாறிய வரவேற்பு

எச்.டி. கன்சோல் என்பது தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடப்படும், உயர் தெளிவுப் படத்தைத் தரும் வீடியோ கேம் கருவி ஆகும். நிகழ்பட ஆட்டக் கருவி என்றும் இதை எழுதுவர். பேச்சில் புழங்கும் கன்சோல் என்ற சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. 2005-இல் வந்த மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, 2006-இல் வந்த சோனியின் பிளேஸ்டேசன் 3 (பி.எஸ்.3) ஆகிய இரண்டும் இவ்வகையில் முதலில் உலகெங்கும் பரவியவை. இரண்டும் தனித்தனியே எட்டுக் கோடிக்கு மேல் விற்றன. ஆனால் அவை எல்லா நாடுகளிலும் ஒரே விதமாக வீட்டுக்குள் நுழையவில்லை. பணம் இருந்த நாடு வாங்கியது, இல்லாத நாடு வாங்கவில்லை என்று இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது.

படத்தின் கணக்கு

நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்த பிக்சர் டியூப் தொலைக்காட்சி 625 வரிகளில் படம் காட்டியது. அவற்றில் கண்ணுக்குத் தெரிபவை 576. புள்ளிகளாகக் கணக்கிட்டால் 720 × 576, அதாவது ஏறத்தாழ 4.15 லட்சம். முழு எச்.டி. படத்தில் 1920 × 1080, அதாவது 20.7 லட்சம் புள்ளிகள். ஐந்து மடங்கு. எச்.டி. கன்சோலை வாங்குபவர் அதற்கேற்ற தொலைக்காட்சியையும் வாங்கினால்தான் கொடுத்த பணத்துக்குரிய படம் கிடைக்கும்.

பழைய தொலைக்காட்சியிலும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஏ.வி. கேபிள் வழியாக இணைக்கலாம். படம் வரும், எழுத்துதான் படிக்க வராது. 2006-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட டெட் ரைசிங் என்ற விளையாட்டில், சாதாரணத் தொலைக்காட்சியில் எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்குச் சிறியனவாக இருப்பதாக அமெரிக்காவிலேயே வாடிக்கையாளர்கள் குறை கூறினர்.

நிண்டெண்டோ நிறுவனம் இந்தப் போட்டியில் இறங்கவேயில்லை. 2006-இல் அது கொண்டுவந்த வீ என்னும் கன்சோல் எச்.டி. அல்ல, 480 வரிகள்தான். கையில் பிடித்து வீசி விளையாடும் கட்டுப்படுத்தியால் அது 10 கோடிக்கு மேல் விற்று, மற்ற இரண்டையும் முந்தியது.

பிற நாடுகளில்

ஜப்பான் கன்சோலின் தாயகம் போன்றது. இருந்தும் எக்ஸ்பாக்ஸ் 360 அங்கே தன் ஆயுள் முழுவதும் ஏறத்தாழ 16 லட்சம்தான் விற்றது. ஃபைனல் பேன்டசி தொடரை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியையும், டிராகன் பால் ஓவியர் அகிரா தோரியாமாவையும் சேர்த்து 2006 டிசம்பரில் புளூ டிராகன் என்ற விளையாட்டை மைக்ரோசாப்ட் அங்கு வெளியிட்டது. அதனாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பி.எஸ்.3 மேலான நிலையில் இருந்தாலும், அக்காலத்தில் ஜப்பானியரின் நேரத்தைப் பிடித்தவை நிண்டெண்டோ டி.எஸ்., பி.எஸ்.பி. ஆகிய கையடக்கக் கருவிகளே. நீண்ட ரயில் பயணமும் சிறிய வீடும் உள்ள இடத்தில் அதுதான் இயல்பு. மான்ஸ்டர் ஹன்டர் விளையாட்டை நான்கு நண்பர்கள் நான்கு கருவிகளுடன் அருகருகே அமர்ந்து விளையாடுவது அங்கு ஒரு பழக்கமாகவே ஆயிற்று.

தென் கொரியாவின் கதை வேறு. குடியேற்ற ஆட்சியின் கசப்பால் ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்களுக்கு அங்கே நெடுநாள் தடை இருந்தது. 1998 முதல்தான் அது படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்குள் பி.சி. பாங் எனப்படும் கணினி விளையாட்டு நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. சீனா 2000-இல் கன்சோல் விற்பனைக்குத் தடை விதித்து, 2014-இல் சாங்காய் வழியாகவும் 2015-இல் நாடு முழுமைக்கும் அதைத் தளர்த்தியது. எச்.டி. கன்சோலின் முதல் தலைமுறை முழுவதும் அத்தடைக் காலத்திலேயே கடந்துபோயிற்று. பிரேசிலில் கடும் வரி. மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடும் லொக்கடோரா கடைகள் அங்கு ஒரு தலைமுறையையே வளர்த்தன. நம் ஊர்க் கேம் கடைக்கு மிக நெருங்கிய உறவு இதுதான்.

தமிழ்நாட்டில்: 2006 செப்டம்பர்

எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவில் 2006 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. விலை இருபதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கும் இந்தி நடிகர் அக்சய் குமாரும் அதன் விளம்பர முகங்கள். பி.எஸ்.3 அடுத்த ஆண்டு ஏப்ரலில் 39,990 ரூபாய்க்கு வந்தது.

அதே 2006 செப்டம்பரில்தான் தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கப்பட்டது. வழங்கப்பட்டவை 14 அங்குல பிக்சர் டியூப் பெட்டிகள். 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை சென்றன. ஒரு பக்கம் பெரிய தட்டைத் திரையை எதிர்பார்க்கும் கருவி கடைக்கு வருகிறது. மறுபக்கம் லட்சக்கணக்கான வீடுகளில் முதன்முதலாக ஒரு வண்ணத் தொலைக்காட்சி ஏறுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நம் பகுதியில் கன்சோல் பரவாததைப் பேசுவதில் பொருளில்லை. கேபிள் ஒளிபரப்பும் மக்களை எச்.டி. திரைக்குத் தள்ளவில்லை. 2011-இல் மீண்டும் தொடங்கிய அரசு கேபிள், மாதம் 70 ரூபாய்க்குப் பழைய அனலாக் முறையிலேயே படம் தந்தது.

இன்னொன்று, அந்தத் தொலைக்காட்சி யாருடையது என்பது. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு வீட்டில் ஒரே பெட்டி. மாலையில் தொடர்கள், இரவில் செய்தி, ஞாயிற்றுக்கிழமை சினிமா, இடையில் கிரிக்கெட். பிள்ளை பத்தாம் வகுப்புக்கோ பிளஸ் டூவுக்கோ வந்துவிட்டால் கேபிளையே துண்டித்துவிடும் பெற்றோரை ஆசிரியர் எவரும் அறிவர். அந்த வீட்டில் மூன்று மணி நேரம் தொலைக்காட்சியைத் தன்வசம் வைத்திருக்க ஒரு பையனால் இயலாது. அமெரிக்க வீடுகளில் பிள்ளையின் அறையில் இரண்டாவது தொலைக்காட்சி இருப்பது வழக்கம் என்பதை அங்குள்ள விளையாட்டு நிறுவனங்கள் கணக்கில் கொண்டிருந்தன. நமக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை.

கேம் கடை

அப்படியானால் வடசென்னைப் பிள்ளைகள் கன்சோலே பார்க்காமல் வளர்ந்தார்களா? இல்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் ஒரு சிறு அறை, இரண்டு மூன்று பழைய டிவி, அவற்றோடு பிளேஸ்டேசன் 2 என்று நடந்த கேம் கடைகள் பல. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கடைக்காரர் ஒரு பி.எஸ்.3 வாங்கி 32 அங்குல எல்.சி.டி. ஒன்றை மாட்டினால் தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் எச்.டி. வந்துவிட்டதாகப் பொருள். விற்பனைப் பட்டியலில் அது ஒரே ஒரு கருவி; விளையாடியவர்களோ நூற்றுக்கணக்கில் இருக்கலாம். சந்தை அறிக்கைகள் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. கேரம் பலகை எத்தனை விற்றது என்று எண்ணி வடசென்னையின் கேரம் ஆர்வத்தை அளக்க முடியுமா?

வாடகை முறை எந்த விளையாட்டு பிடிக்கும் என்பதையும் தீர்மானித்தது. முப்பது மணி நேரம் நீளும் கதை விளையாட்டைக் காசு கொடுத்து மணிக்கணக்கில் யாரும் தொடங்கமாட்டார்கள். பத்து நிமிடத்தில் முடியும் மல்யுத்தம், கால்பந்து, டெக்கன் சண்டை ஆகியவையே ஓடின. இருவர் ஆடுவார்கள், தோற்றவர் எழுந்து இடம் தருவார். எச்.டி. கன்சோலின் புகழ்பெற்ற விளையாட்டுகளில் பல தனியாளுக்கான நீண்ட கதைகள் என்பதால், கடைக்காரருக்கு அந்த மாற்றத்தால் பெரிய ஆதாயம் இல்லை. இந்தக் கடைகள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் இடமாகவே இருந்தன. வீட்டில் கருவி இல்லை, கடைக்கும் போக முடியாது என்ற நிலையில் பெண் பிள்ளைகள் பலருக்குக் கன்சோல் என்பது கேள்விப்பட்ட பொருளாகவே நின்றுவிட்டது. இது குறித்து எழுதுவோர் குறைவு.

நகல் டிஸ்க்கையும் சொல்லாமல் விட முடியாது. பி.எஸ்.2-க்குள் ஒரு சில்லு பொருத்திவிட்டால் கள்ள நகல்கள் ஓடும். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் அவை மலிவாகக் கிடைத்தன. பி.எஸ்.3 புளூ-ரே டிஸ்க் பயன்படுத்தியது. ஓர் அடுக்கில் மட்டும் 25 ஜி.பி. கொள்ளும் அதை அந்நாளில் நகலெடுப்பது எளிதன்று. உண்மையான டிஸ்க் ஒன்று 2,000 ரூபாயைத் தாண்டியது. சட்டப்படி தவறுதான், ஆனாலும் பழைய கருவி இங்கே நீண்ட நாள் வாழ்ந்ததற்கு அது முக்கியக் காரணம். சோனியும் இதை உணர்ந்திருக்க வேண்டும். பி.எஸ்.3 வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2009-இல், ஹைதராபாத் நிறுவனம் உருவாக்கிய ஹனுமான்: பாய் வாரியர், கபடியும் கில்லி தாண்டாவும் கொண்ட தேசி அட்டா ஆகியவை பி.எஸ்.2-க்கே வெளியிடப்பட்டன.

மின்வெட்டும் மடிக்கணினியும்

2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்பற்றாக்குறையில் இருந்தது. 2012-இல் சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அறிவித்த மின்வெட்டு; பிற மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. எண்ணூரும் அத்திப்பட்டும் வள்ளூரும் அனல்மின் நிலையங்களால் சூழப்பட்ட ஊர்கள். வள்ளூரின் 1,500 மெகாவாட் நிலையத்தில் முதல் அலகு செயல்பாட்டுக்கு வந்ததும் அதே 2012-இல்தான். கன்சோலுக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால், கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பிறகு ஆடியது அனைத்தும் போகும். பி.எஸ்.3 மறுபடி உயிர் பெறும்போது தன் வன்தட்டைச் சரிபார்க்கவேண்டும் என்று எச்சரிக்கும்.

மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. படிப்புக்குத் தந்த கருவிதான். ஆனால் பென் டிரைவில் கைமாறிய பழைய விளையாட்டுகள் அதில் ஏற எத்தனை நாள் ஆகும்? மின்வெட்டு இரவில் ஓடிய, யாருடனும் பங்கிடத் தேவையில்லாத முதல் விளையாட்டுக் கருவி பலருக்கும் அதுவே.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் கைபேசி அந்த இடத்தைப் பிடித்தது. 2018-இல் வந்த பப்ஜி மொபைல் கன்சோல் வாங்கும் ஆசையையே பலரிடம் அணைத்துவிட்டது. 2020 செப்டம்பரில் அது தடை செய்யப்பட்ட பிறகும் பிள்ளைகள் வேறு கைபேசி விளையாட்டுக்குத்தான் போனார்கள்; தொலைக்காட்சிப் பக்கம் திரும்பவில்லை. அரசும் கன்சோலை ஆடம்பரப் பொருளாகவே நடத்தியது: 2018-இல் சுங்கவரி 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆயிற்று. 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. மட்டும் 2019-இல் 18 ஆகக் குறைந்தது. பி.எஸ்.5 பிற நாடுகளில் 2020 நவம்பரில் வெளிவர, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தது.

நம் கதைகள்

புனேயைச் சேர்ந்த குழு உருவாக்கிய ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக் 2020 ஆகஸ்டில் முதலில் நிண்டெண்டோ ஸ்விட்சில் வெளிவந்தது. அந்நிறுவனம் அக்கருவியை அப்போது இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை. கனடாவின் டொராண்டோவில் உருவான வெண்பா (2023), 1980-களில் அங்கே குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியாகச் சொல்கிறது. இட்லி வேகவைப்பதில் தொடங்குகிறது. 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் பெற்றது. அது பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், கணினி ஆகியவற்றில் ஓடும். நம் பகுதி மாணவர்களுக்கு இவற்றுள் எளிதில் எட்டுவது கணினிதான். இலவச மடிக்கணினியின் திறன் அதற்குப் போதுமா என்பது கணினியின் வயதைப் பொறுத்தது.