கட்டுப்பாடு தளர்ந்தது; கவனம் தளரலாமா?



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். விடியற்காலையில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். இலேசாகச் சுடுகிறது. பிரட்டுக்கு நேரமாகிவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என்ன செய்வீர்கள்?

காய்ச்சல் மருந்தை ஒரு கரண்டி கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. குறை கூறி, அதனால் பாடம் கற்றவள் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும், பள்ளிகள் மூடுவதும் திறப்பதுமாக இரண்டாண்டுகள் ஓடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படித்த காலம் அது. 2022 பிப்ரவரியில் 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மே மாதம் முதல் வெளியிடங்களில் முகக்கவரி அணிவது அவரவர் விருப்பம் என்றாயிற்று.

எல்லாரும் பெருமூச்சு விட்டோம். கட்டுப்பாட்டோடு நோயும் போய்விட்டது போல் ஓர் எண்ணம். ஆனால், அதே ஆண்டில்தான் கை, கால், வாய் நோய் நம் நாட்டுச் சிறு பிள்ளைகளிடையே வேகமாகப் பரவியது.

அந்த மே மாதத்தில் ஒரு நாள். என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் சோர்ந்து உட்கார்ந்திருந்தான். உணவு வேளையில் ரொட்டியைத் தொடவில்லை. "வாய் எரியுது டீச்சர்" என்றான். நெற்றி கொதித்தது. உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். காலையில் அம்மா மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார். மருந்தின் வேகம் இருந்தவரை காய்ச்சல் அடங்கியிருந்தது. பள்ளி வாசலில் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

தகவல் கிடைத்ததும், செம்பனைக் காட்டிலிருந்து சேறு படிந்த பூட்ஸோடு ஓடி வந்தார் அந்த அம்மாள். "ஏம்மா, காய்ச்சல் என்று தெரிந்தும் அனுப்பலாமா? மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?" என்று நான்கு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாளுக்குள் மேலும் ஆறு பிள்ளைகளுக்கு நோய் கண்டது. வகுப்பை மூட வேண்டியதாயிற்று. பார்வையிட வந்த சுகாதார அதிகாரி, "பிள்ளைகள் கையை எதனால் சுத்தம் செய்கிறார்கள்?" என்று கேட்டார். மேசை மேலிருந்த கைத்தூய்மியைப் பெருமையோடு காட்டினேன். "இந்தக் கிருமிக்கு இது போதாது டீச்சர்" என்றார் அவர். கோவிட் கிருமிக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. கைத்தூய்மியிலுள்ள ஆல்கஹால் அதை உடைத்துவிடும். கை, கால், வாய் நோயின் கிருமிக்கு அந்த உறை கிடையாது. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவதே அதற்கு வழி. எங்கள் குழாயடியிலோ சவர்க்காரம் இல்லை! அந்தத் தாயைக் கேட்ட கேள்வியை நான் என்னையும் கேட்டிருக்க வேண்டும்.

கதை அதோடு முடியவில்லை. சில வாரங்கள் கழித்து, அதே அம்மாளின் மூத்த மகள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரித்தபோது, "சொல்ல வேணாம்னு அம்மா சொன்னாங்க. டீச்சர் ஏசுவாங்களாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் கோபம் நோயைத் தடுக்கவில்லை. நோயை மறைக்கத்தான் கற்றுக் கொடுத்திருந்தது.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்து உபசரித்தார். "ஒரு நாள் போகலேன்னா அன்னைக்குச் சம்பளம் போச்சு டீச்சர். புள்ளைய வீட்டுல விட்டா யாரு பார்ப்பா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அந்தக் கேள்வியையே முன்வைத்தேன். பேசிப் பேசி மூன்று ஏற்பாடுகள் செய்தோம்.

முதலாவது, குழாய்தோறும் வலைப்பையில் சவர்க்காரம் கட்டித் தொங்கவிட்டோம். சாப்பிடுமுன்னும் கழிவறைக்குப் போய் வந்த பின்னும், ஒன்று முதல் இருபது வரை எண்ணிக் கை கழுவுவது வழக்கமாயிற்று.

இரண்டாவது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எனக்குப் புலனத்தில் ஒரு வரி அனுப்பினால் போதும். யாரும் ஏச மாட்டோம். பாடம் வீடு தேடி வரும்.

மூன்றாவதுதான் பெரிது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டிமார் நால்வர், நோயுற்ற பிள்ளையை அதன் வீட்டுக்கே போய்ப் பகலில் பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள். அந்தப் பையனின் அம்மாவே அவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தார்.

பெற்றோர்களே, சிலவற்றை நினைவில் வையுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், கையிலும் காலிலும் கொப்புளம் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். இதை அம்மை என்று எண்ணி, வேப்பிலை செருகி வீட்டோடு இருந்துவிடாதீர்கள். வேப்பிலை இருக்கட்டும், மருத்துவரிடமும் காட்டுங்கள். பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் குணமாகிவிடும். அதுவரை குளிர்ந்த தண்ணீர், ஆறிய கஞ்சி என்று அடிக்கடி கொடுங்கள். காய்ச்சல் தணியாவிட்டாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், உடம்பு தூக்கிப் போட்டாலும், பிள்ளை மயங்கித் தூங்கினாலும், தண்ணீர் குடிக்க மறுத்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குணமான பிறகும் சில வாரங்களுக்கு மலத்தின் வழியே கிருமி வெளிவரும். ஆகவே, கை கழுவும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

2023 மே 5-ஆம் தேதி, கோவிட் இனி உலக அவசரநிலை அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவசரநிலைதான் முடிந்தது, கிருமிகள் முடிந்துவிடவில்லை. கட்டாயத்துக்காகச் செய்ததை இனி நம் பிள்ளைகளுக்காகச் செய்வோம்.

நாளைக் காலை உங்கள் பிள்ளையின் நெற்றி சுட்டால், மறைக்காதீர்கள். ஒரு வரி எழுதுங்கள். ஏசுவதற்கு அல்ல, உதவுவதற்கே ஆசிரியர்கள் இருக்கிறோம்.