மேட்டில் நின்ற கோட்டை

கோட்டை என்றால் வெளிப்பகைவரைத் தடுக்கக் கட்டுவது என்றே நாம் நினைக்கிறோம். ஊராரையே அடக்கிவைக்கக் கட்டிய கோட்டைகளும் உண்டு.

1066-ஆம் ஆண்டு நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியம் மன்னர், 1068-இல் லிங்கன் நகரில் ஒரு கோட்டையை எழுப்பச் செய்தார். இடம் எது தெரியுமா? ஊருக்கு வெளியே அன்று. ரோமானியர் விட்டுச்சென்ற மதிலுக்குள், குன்றின் உச்சியில், குடியிருப்புகளின் நடுவே!

கீழே நடப்பவர் நிமிர்ந்தால் கோட்டை தெரியும். கோட்டையில் இருப்பவருக்கோ ஊரே தெரியும். வாளை உருவாமலே அடக்கும் வழி அது.

கோட்டைக்காக 166 வீடுகள் அழிந்தன என்று 1086-ஆம் ஆண்டுக் கணக்கேடு கூறுகிறது. அதில் எண்ணிக்கை உண்டு. குடியிருந்தவர் பெயர்கள் இல்லை. சரித்திரம் படிக்கையில், மன்னரோடு அந்த 166 அடுப்புகளையும் நாம் நினைத்துக்கொள்வோம்.