நகையும் மருட்கையும்: ‘விக்ரம்’ (1986) திரைப்படத்தை அதன் வழக்கிலேயே மதிப்பிடல்

ராஜசேகர் இயக்கிக் கமல்ஹாசன் நடித்த ‘விக்ரம்’ 1986இல் வெளிவந்தது. சுஜாதா எழுதிய இக்கதை குமுதத்தில் தொடராகவும் வந்தது. கடத்தப்பட்ட ‘அக்னிபுத்ரா’ ஏவுகணையைத் தேடி உளவாளி விக்ரம், சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்குச் செல்கிறான். சுல்தான், இளவரசி, கணிப்பொறி, எவருக்கும் விளங்காத ஒரு மொழி என விரியும் இப்படம் எந்தச் சித்திரக்கதை நூலையும் தழுவியதன்று. எனினும் அதன் கதைப்போக்கு சித்திரக்கதைக்கு உரியது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தோர்க்கு அவ்வுலகம் அயலன்று.

நடப்பியல் அளவுகோலால் இதனை நம்பத்தகாதது என ஒதுக்குவது எளிது, பயன் குறைவு. தொல்காப்பியம் உலகியல் வழக்கினின்று நாடக வழக்கைப் பிரித்தறிகிறது. மெய்ப்பாட்டியல், எள்ளலையும் பேதைமையையும் நகைக்குரிய நிலைக்களன்களுள் வைக்கிறது. புதுமையையும் பெருமையையும் மருட்கைக்கு உரியனவாகச் சுட்டுகிறது. சலாமியாக் காட்சிகளில் இவ்விரு மெய்ப்பாடுகளும் ஒருங்கே நிகழ்கின்றன. வியக்கத் தொடங்கும் பார்வையாளர் நகைக்கிறார். நகைத்த பின்னும் வியப்பு நீங்குவதில்லை. சூசன் சொன்டாக் 1964இல் ‘கேம்ப்’ என விளக்கிய சுவை இதற்கு அண்மையது. ஆயின் அவர் அதன் தூய வடிவைத் தன்னை அறியாத தீவிரத்தில் கண்டார்; இப்படமோ தன் மிகையை அறிந்தே செய்கிறது. ஜனகராஜின் மொழிபெயர்ப்பாளர் பாத்திரம் அதற்குச் சான்று.

மிகையை அரைமனத்தோடு செய்யாமையே இவ்வழக்கின் முதல் விதி. அதனை முழுதும் காத்தவர் இசையமைப்பாளர். கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரி மேடைகளில் பயின்ற இளையராஜா, தலைப்புப் பாடலில் மின்னணு ஒலிகளை முன்னிறுத்துகிறார். சலாமியாவிலோ நாட்டார் தாளக்கட்டை ஒலிக்கச் செய்கிறார். தென்தமிழ்நாட்டுத் திருவிழாத் தாளம் பாலைநில நாட்டுக்கு எவ்வாறு வந்தது என்று படம் விளக்குவதில்லை, பார்வையாளரும் கேட்பதில்லை. இசையும் கேலி செய்திருப்பின் சலாமியா அட்டைக் கோட்டையாகச் சரிந்திருக்கும்.

படத்தின் மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. விக்ரமின் மனைவி கொல்லப்படும் முற்பகுதிக் காட்சி அழுகை என்னும் மெய்ப்பாட்டைக் கோருகிறது. சலாமியாவை அடைந்ததும் அத்துயரம் பின்னணிக்குச் சென்றுவிடுகிறது. தான் எழுப்பிய மெய்ப்பாட்டைப் படமே கைவிடுகிறது. இது நம்பகத்தன்மை பற்றிய குற்றச்சாட்டன்று. தன் சொந்த விதியை மீறியதால் நேர்ந்த குறை. 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே உளவாளியை மீண்டும் திரைக்குக் கொணர்ந்தபோது, இழப்பைக் கதை முழுதும் நிறுத்தினார். சலாமியாவுக்கு அதில் இடமில்லை.