வீட்டு அலுவலகக் கணினிக்கு மதர்போர்டு வாங்கும் முன்

 

நம் மஹல்லாவில் வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். தையல் ஆர்டர் கணக்கு எழுதும் சகோதரிகள், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் இளைஞர்கள், கல்லூரி ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் எனப் பலர். “பார்ட்ஸ் வாங்கி நாமே அசெம்பிள் செய்யலாமா பாய்? எந்த போர்டு நல்லது?” என்று அலுவலகத்துக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். நான் பொறியாளர் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தவறு செய்து, அதன் விலையைக் கொடுத்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. பிராசஸர், ரேம் எல்லாம் பார்த்து வாங்கினோம். மதர்போர்டில் மட்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தினேன். பெயர் தெரியாத கம்பெனி, பில்லும் கிடையாது. மாணவர் உதவித்தொகை விண்ணப்பங்களை ஏற்றிக்கொண்டிருந்த ஐப்பசி மாதத்தில், ஒரு மழை இரவுக்கு மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. ஹார்டு டிஸ்க் தப்பியது. ஆனால் வேறு போர்டு வாங்கி மீண்டும் ஓட வைக்க மூன்று நாள் ஆனது. அதற்குள் ஒரு மாணவியின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் கடந்துவிட்டது. அந்த ஆண்டுக் கட்டணத்தை டிரஸ்ட் நிதியிலிருந்து கொடுத்தோம். அது வேறொரு பிள்ளைக்குச் சேர வேண்டிய அமானத் பணம். இரண்டாயிரம் மிச்சம் பிடித்தவன் நான், இழந்தவர்கள் பிள்ளைகள்.

முதலில் தகுதி, பிறகு தேர்வு

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும். பராந்தக சோழன் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், சொந்த மனை இருக்க வேண்டும் என்றெல்லாம் தகுதிகளை முதலில் எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் குடத்திலிருந்து ஓலை எடுத்தார்கள். கடைக்குப் போகும் முன் நாமும் ஒரு தாளில் தேவையை எழுதிக்கொள்ள வேண்டும். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்த மானிட்டர், எந்த பிரிண்டர் என்று எழுதி எடுத்துப் போனால், கடைக்காரர் காட்டும் வண்ண விளக்குகளில் மனம் போகாது.

கடிதம், கணக்கு, இணையம், ஜூம் வகுப்பு ஆகிய வேலைகளுக்கு 65 வாட் வகை சாதாரண பிராசஸர் தாராளமாகப் போதும். அதற்கேற்ற போர்டும் சாதாரண வகையே. விளையாட்டுக்காக விற்கும் விலை உயர்ந்த போர்டு நமக்கு வீண் விரயம்.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

பிராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். சாக்கெட் பொருந்தாவிட்டால் எதுவும் நடக்காது. இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறை கோர் பிராசஸர்களுக்கு எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட். இதற்கு எச் 610, பி 760 சிப்செட் போர்டுகள் கிடைக்கின்றன. ஏ.எம்.டி. ரைசனில் ஏ.எம். 4 சாக்கெட்டுக்கு ஏ 520, பி 550 போர்டுகளும், அதற்கு அடுத்த ஏ.எம். 5 சாக்கெட்டுக்கு ஏ 620, பி 650 போர்டுகளும் உண்டு. வீட்டு அலுவலகத்துக்கு எச் 610 அல்லது ஏ 520 போதுமானது. பின்னாளில் பிராசஸரை மாற்றும் எண்ணம் இருந்தால் ஏ.எம். 5 பக்கம் பார்க்கலாம்.

ரேமிலும் கவனம் வேண்டும். ஏ.எம். 4 போர்டில் டி.டி.ஆர். 4, ஏ.எம். 5 போர்டில் டி.டி.ஆர். 5 மட்டுமே போகும். எல்.ஜி.ஏ. 1700 போர்டுகளில் இரண்டு வகையும் தனித்தனியாக வருகின்றன. ஒன்றுக்கு வாங்கிய ரேம் மற்றொன்றில் நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. இப்போதைக்கு ஒரு 8 ஜி.பி. ரேம் போட்டு, இரண்டாவது ஸ்லாட்டைக் காலியாக விட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ எழுத்து இருந்தால் அதில் டிஸ்ப்ளே வசதி கிடையாது. ஏ.எம். 4 ரைசனில் பெயரின் இறுதியில் ‘ஜி’ உள்ளவற்றில்தான் அந்த வசதி உண்டு. இது தெரியாமல் வாங்கினால் தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். செலவோடு ஃபேன் சத்தமும் கூடும்.

மலிவான பழைய போர்டு வேண்டாம்

எச் 61 போன்ற, 2011-ஐச் சேர்ந்த சிப்செட் கொண்ட போர்டுகளைப் பளபளவென்று புதுப் பெட்டியில் வைத்து இன்றும் விற்கிறார்கள். விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வசதியும், இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் தேவை. பழைய போர்டில் இரண்டும் கிடையாது. ஆதார் நகலும் வங்கி விவரமும் கையாளும் கணினிக்கு அது சரிவராது. அப்படியொரு பழைய கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், லினக்ஸ் போட்டுப் பிள்ளைகள் பழகக் கொடுக்கலாம்.

போர்டு ஏன் சாகிறது?

எஸ்.எம்.பி.எஸ். தருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியதோ ஏறத்தாழ ஒரு வோல்ட். இந்த இறக்கத்தைச் செய்வது சாக்கெட்டைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு பாகங்கள். போர்டில் அதிகம் சூடாவதும், அதிகம் பழுதாவதும் இந்த இடமே. அங்குள்ள கெப்பாசிட்டர்களில் திரவ வகையும் திட வகையும் உண்டு. 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உலகமெங்கும் மதர்போர்டுகள் தலை வீங்கிக் கசிந்து செத்தன. தரமற்ற திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்களே காரணம். திரவ வகையில் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. நம் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள்.

எனவே திட கெப்பாசிட்டர் உள்ளதா, சாக்கெட் ஓரம் உள்ள பாகங்களின் மேல் அலுமினிய ஹீட் சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் ஹீட் சிங்க் இருக்காது. 65 வாட் பிராசஸருக்கு அது குற்றமில்லை, இருந்தால் நல்லது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஃபஜ்ருக்குப் பின் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சத்தம் பெரிய விஷயம். மதர்போர்டுக்குத் தானாகச் சத்தம் கிடையாது. ஆனால் மற்ற ஃபேன்களின் வேகத்தை அதுதான் ஆள்கிறது. 4 பின் ஃபேன் இணைப்பு குறைந்தது இரண்டாவது இருக்கட்டும். ஒன்று பிராசஸருக்கு, ஒன்று கேபினெட்டுக்கு. சூட்டுக்கு ஏற்ப வேகத்தை ஏற்றி இறக்கும் வசதி பயாஸில் இருக்கும். அதில் ‘சைலன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேபினெட்டில் 120 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று தரும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தர வேகமாகச் சுற்றிக் கத்தும்.

சிப்செட் மேலேயே குட்டி ஃபேன் உள்ள போர்டைத் தவிர்த்துவிடுங்கள். 2019-இல் வந்த எக்ஸ் 570 போர்டுகள் பெரும்பாலானவற்றில் அது இருந்தது. நாம் மேலே சொன்ன வகைகளுக்கு அது தேவையில்லை. ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எம். 2 ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. போட்டால் சுழலும் பாகம் ஒன்று குறையும். ஆகவே எம். 2 ஸ்லாட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும், காஞ்சிபுரத்தில் வாங்கினாலும், ஆன்லைனில் எடுத்தாலும் இவற்றை மறக்காதீர்கள்:

1. பெயர் பெற்ற கம்பெனியா? ஆசுஸ், கிகாபைட், எம்.எஸ்.ஐ., ஆஸ்ராக் நான்கும் தைவான் நிறுவனங்கள்.
2. வாரன்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் சென்டர் எங்கே? மூன்று ஆண்டு கிடைப்பதையே வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும்.
3. இந்த பிராசஸருக்கு ஏற்ற பயாஸ் போட்டிருக்கிறதா? பழைய பயாஸ் உள்ள போர்டு புதிய பிராசஸரை அறியாது. கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.
4. உங்கள் பழைய மானிட்டருக்கு வி.ஜி.ஏ. வேண்டுமா, எச்.டி.எம்.ஐ. போதுமா?
5. 24.4 செ.மீ. சதுர மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவு கேபினெட்டில் பொருந்துமா?

பொருத்தும்போதும் பிறகும்

சாக்கெட்டின் நுண்ணிய பின்கள் வளைந்தால் வாரன்டி போய்விடும். அதன் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாமல் பெட்டியில் வையுங்கள். போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும். ஒன்று தப்பி அடியில் பட்டாலும் ஷார்ட் ஆகும். பின்பக்கத் தகட்டை மாட்டாமல் விடாதீர்கள். அந்தச் சந்து வழியாகத்தான் பல்லி உள்ளே போகும். எங்கள் பழைய போர்டின் மேல் ஒன்று கருகிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

நல்ல போர்டுக்கும் நல்ல மின்சாரம் வேண்டும். கேபினெட்டுடன் இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பாமல் தரச்சான்று பெற்றதை வாங்குங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். யு.பி.எஸ். வையுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கையும், இணைய வயரையும் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, கணினியை வெளியே எடுத்துவந்து தூசி ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நல்ல போர்டும் ஒருநாள் போகும். ஆகவே முக்கியக் கோப்புகளுக்கு வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுக்கிறோம். அன்றே எடுத்து வைத்திருந்தால், பக்கத்துக் கணினியில் போட்டு அந்த மாணவியின் விண்ணப்பத்தை மறுநாளே அனுப்பியிருக்கலாம்.

வாங்கும் முன் கடைக்காரர் எழுதித் தரும் பட்டியலை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் இருப்பேன். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

— செயலாளர்