பளபளன்னு இருந்தா சுத்தம்னு அர்த்தமா?

பாண்டி பஜார்ல ஆரம்பிச்சு அடையாறு எல்.பி. ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு வாங்க. பேக்கரிக்கு அடுத்தபடியா உங்க கண்ணுல அதிகம் படற போர்டு, பியூட்டி பார்லராத்தான் இருக்கும். உள்ளே போய் ஐப்ரோ த்ரெடிங் பண்ணிக்கிட்டவங்களுக்கு இந்த சீன் அத்துப்படி. நாற்காலியில சாய்ஞ்சு, ஒரு கையால இமையையும் இன்னொரு கையால நெத்தியையும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருப்பீங்க. அந்த அக்கா நூலோட ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு சரக் சரக்னு இழுப்பாங்க. கண்ணுல தண்ணி முட்டும். அஞ்சு நிமிஷத்துல வில்லு மாதிரி புருவம் ரெடி!

இப்போ ஒரே ஒரு கேள்வி. அந்த நூல் பத்து செகண்டுக்கு முன்னாடி எங்கே இருந்துச்சு?

வாயில! எச்சில் பட்ட நூல், அப்பத்தான் முடி பிடுங்கின தோல் மேல ஓடுது. அங்கே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி காயங்கள் இருக்கும். த்ரெடிங் பண்ணின இடத்துல மரு முளைச்ச கேஸ்கள் தோல் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. இத்தனைக்கும் நூலைப் பல்லுக்குப் பதிலா கழுத்துல மாட்டிக்கிட்டும் இதே வேலையைச் செய்யலாம். பழகற வரைக்கும் கை கொஞ்சம் ஸ்லோவா ஓடும், அவ்வளவுதான்.

காஸ்மெட்டாலஜி படிக்கிற ஃப்ரெண்ட்ஸ், இந்தக் கட்டுரை முக்கியமா உங்களுக்கு. மத்தவங்களும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க, அந்த நாற்காலியில உட்காரப் போறது நீங்கதான். உங்க சிலபஸ்ல பாக்டீரியான்னு ஒரு சாப்டர் இருக்குமே... ஹேர் கட்டிங், பிரைடல் மேக்கப்புக்கு நடுவுல போரடிக்கிற, பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புரட்டற சாப்டர்? மொத்த புஸ்தகத்துல ஒரு கஸ்டமரோட உயிர் வரைக்கும் போற சாப்டர் அதுதான்.

1880-கள்ல அலெக்சாண்டர் ஆக்ஸ்டன்னு ஒரு ஸ்காட்லாந்து சர்ஜன், கட்டியில இருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்தார். உருண்டை உருண்டையா, கொத்துக் கொத்தா ஏதோ தெரிஞ்சது. கிரேக்க மொழியில திராட்சைக் கொத்துக்கான வார்த்தையை எடுத்து 'ஸ்டாஃபிலோகாக்கஸ்'னு பேர் வெச்சார். அதோட சொந்தக்காரன் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், மயிலாப்பூர் மாட வீதியில கட்டி விக்கிற மல்லிச்சரம் மாதிரி வரிசையா நிக்கும். 'ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' எங்கேயோ சாக்கடையில இருக்கிற பூச்சின்னு நினைக்காதீங்க. சுமாரா பத்துல மூணு பேர் மூக்குல அது சும்மா குடியிருக்கு. வாக்ஸிங்ல முடியை வேரோட இழுத்ததும் குழிகள் திறக்கும் பாருங்க, அப்பத்தான் அது வேலையைக் காட்டும். மறுநாள் கால் முழுக்க சீழ்க்கொப்புளம்.

எல்லா வசதியும் அமைஞ்சா பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாப் பிரியும். ராத்திரி ஈர ஸ்பாஞ்சுல ஒண்ணே ஒண்ணு தங்கினா, கணக்குப்படி எட்டு மணி நேரத்துல 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். நிஜத்துல சாப்பாடும் இடமும் தீர்ந்து போய் அவ்வளவு தூரம் வராதுதான். ஆனா ஈரமும் சென்னைப் புழுக்கமும் சேர்ந்தா, அதுகளுக்கு இலவசமா ஏ.சி. ரூம் போட்டுக் குடுத்த மாதிரி!

கத்தி மாறின கதை

ஆம்பளைங்க சலூன்ல என்ன நடந்ததுன்னு உங்க தாத்தாவைக் கேட்டுப் பாருங்க. தோல் வார்ல தீட்டின ஒரே சவரக்கத்தி, காலையில கடை திறந்ததுல இருந்து ராத்திரி மூடற வரைக்கும் ஊர்ல உள்ள எல்லார் கன்னத்துலயும் ஓடும். ரத்தம் வந்தா ஒரு படிகாரக்கல். அந்தக் கல்லும் எல்லாருக்கும் பொதுதான்! இன்னிக்கு பாதி பிளேடை உங்க கண்ணு முன்னாடி உடைச்சு மாட்டறாங்க. இந்த மாற்றத்துக்கு வேர் தேடினா, அது நம்ம சென்னைக்கே வந்து நிக்குது.

1986. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, ஆராய்ச்சிக்காகப் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அப்போது சென்னையில் எச்.ஐ.வி. பரிசோதிக்க வசதி இல்லை. மாதிரிகளைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். சில மாதிரிகள் பாசிட்டிவ். இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்று நாட்டுக்குத் தெரிய வந்தது இப்படித்தான். சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015-ல் மறையும் வரை எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகவே உழைத்தார்.

அதுக்கப்புறம் ஊர் முழுக்க எய்ட்ஸ் பிரசாரம். 2000-கள்ல சுவர் சுவரா நின்ன 'புள்ளிராஜா'வை உங்க அப்பா, அம்மாகிட்ட கேளுங்க, சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அந்த பயத்துல, "அண்ணே, புது பிளேடு போடுங்கண்ணே"ன்னு கஸ்டமர் வாயைத் திறந்து கேட்க ஆரம்பிச்சார். கேட்கக் கேட்க கத்தி மாறிடுச்சு.

ஒரு வேடிக்கை என்னன்னா, பயந்தது எச்.ஐ.வி.க்கு, தப்பிச்சது அதைவிட கில்லாடியான இன்னொண்ணுகிட்ட இருந்து. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ஞ்ச ரத்தத்துல குறைஞ்சது ஏழு நாள் உயிரோட இருக்கும். தொத்தற வேகத்துல எச்.ஐ.வி.யை விட 50 முதல் 100 மடங்கு. கல்லீரலைக் குறி வைக்கும். பல பேருக்கு வருஷக்கணக்குல எந்த அறிகுறியும் இருக்காது.

சரி, பிளேடு மாறிடுச்சு. பார்லர்ல க்யூட்டிக்கிள் கட்டர்? பிளாக்ஹெட் எடுக்கிற ஊசி? ப்ளக்கர்? இதெல்லாமும் ரத்தம் பார்க்கிற சாமான்தான். ஆனா விலை அதிகம், தூக்கிப் போட முடியாது. அதனால துடைச்சுட்டு அடுத்த கஸ்டமர். "அக்கா, புது கட்டர் போடுங்க"ன்னு யாராவது கேட்டு நீங்க பார்த்திருக்கீங்களா? பார்லருக்கு ஒரு புள்ளிராஜா வரவே இல்லை!

'இதெல்லாம் பின்தங்கின ஊர் பிரச்னை'ன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு ஸ்பா. நம்ம ரத்தத்தையே எடுத்துப் பிரிச்சு முகத்துல குத்தற 'வேம்பயர் ஃபேஷியல்' அங்கே ஸ்பெஷல். 2018-ல் அந்த ஸ்பா மூடப்பட்டது. அங்கே ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை, அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-ல் விரிவாக வெளியிட்டது. அழகுக்காகப் போட்ட ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியதாகப் பதிவான முதல் சம்பவம் அது.

வடிகட்டிக்குப் பின்னாடி...

அதே அமெரிக்கா, 2000-ம் வருஷம், கலிஃபோர்னியாவில் வாட்சன்வில் என்ற சின்ன ஊர். ஒரு நெயில் சலூனுக்கு பெடிக்யூர் பண்ணப் போன பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டி கட்டியாக வந்தது. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, 110 பேர்! சாதாரண மருந்துக்கு அசையலை, மாசக்கணக்குல ஆறலை, ஆறினதும் தழும்பு வேற. தேடினா, தண்ணீரில் வாழற 'மைக்கோபாக்டீரியம் ஃபார்சூயிட்டம்'. அந்தக் கடையிலிருந்த பத்து ஃபுட் பாத் தொட்டிகளிலும் அது இருந்தது. தொட்டிகள் வெளியே பார்க்க பளபளன்னுதான் இருந்துச்சு. தண்ணியை உறிஞ்சற வடிகட்டியைக் கழட்டிப் பார்த்தப்பத்தான் பின்னாடி முடியும் தோல் துணுக்கும் அடை அடையாக் கிடந்தது தெரிஞ்சது. அதை யாரும் கழட்டினதே இல்லை.

இந்த விசாரணையில இன்னொரு விஷயமும் வெளிவந்தது. பெடிக்யூருக்கு முன்னாடி காலை ஷேவ் பண்ணிக்கிட்டுப் போனவங்களுக்குத்தான் அதிகம் வந்திருந்தது. ஆக, வாக்ஸிங் முடிச்ச கையோட பெடிக்யூர் சேர்த்துத் தர்ற பேக்கேஜ் இருக்கே... அதோட வரிசையைக் கொஞ்சம் யோசிங்க. நம்ம ஊர்ல லாரித் தண்ணி சம்புக்குள்ள இறங்கி, மாடி டேங்குக்கு ஏறி, குழாய்க்கு வருது. சம்ப்பை எப்பக் கழுவினாங்கன்னு ஓனருக்கே ஞாபகம் இருக்காது. ஜெட் இல்லாத சாதா பேசின் தேவலாம். மூலை முடுக்கு இல்லாததால, தேய்ச்சுக் கழுவ முடியும்.

ப்ளூ லைட் பெட்டி

எல்லா பார்லர்லயும் ஒரு குட்டிப் பெட்டி. 'ஸ்டெரிலைசர்'னு ஸ்டிக்கர். திறந்தா நீல வெளிச்சம். பார்க்கவே ஒரு நம்பிக்கை வரும். உண்மையைச் சொல்லணும்னா, புற ஊதா வெளிச்சம் படற இடத்துல மட்டும்தான் வேலை செய்யும். கத்தரிக்கோல் ரெண்டு கத்தியும் சேர்ற இடுக்கு, கட்டரோட ஸ்பிரிங், அடியில இருக்கிற பக்கம்... எல்லாம் நிழல். அழுக்கு மேல இருந்தாலும் அதேதான். ஏற்கெனவே சுத்தம் பண்ணின சாமானைத் தூசி படாம வைக்க நல்ல அலமாரி, அவ்வளவுதான்.

கழுவறது வேற, கிருமி நீக்கறது வேற, ஸ்டெரிலைஸ் பண்றது வேற. இந்த மூணையும் ஒண்ணாக் குழப்பிக்கிறதுலதான் பாதி ஆபத்து. முதல்ல சோப்புத் தண்ணியில பிரஷ் போட்டுத் தேய்க்கணும். காய்ஞ்ச ரத்தமும் மெழுகும் ஒட்டியிருந்தா எந்த மருந்தும் உள்ளே இறங்காது. கிண்ணத்துல ஒரு மூடி டெட்டாலை ஊத்தி, தண்ணி வெள்ளையானதும் சாமானை முக்கி எடுத்து உதறிட்டு அடுத்த ஆளுக்குப் போறது, மனசுக்கு மட்டும்தான் மருந்து. எந்தக் கரைசலா இருந்தாலும் பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஊறணும். ஆல்கஹால்னா 70% வாங்குங்க. 'சுத்த ஆல்கஹால் இன்னும் ஸ்ட்ராங் இல்லையா?'ன்னு கேட்பீங்க. இல்லை! புரோட்டீனைக் கட்டியாக்க அதுக்குக் கொஞ்சம் தண்ணி துணை வேணும். தனியாப் போனா வேலை முடியறதுக்குள்ள ஆவியாகிப் பறந்துடும்.

தோலைக் கிழிக்கிற உலோக சாமானுக்கு ஒரே ராஜா ஆட்டோகிளேவ்தான். பேரைக் கேட்டு பயப்படாதீங்க, உங்க வீட்டு குக்கரோட அண்ணன். கொதிக்கிற தண்ணி 100 டிகிரியோட நின்னுடும். டெட்டனஸ் மாதிரி பாக்டீரியாவோட ஸ்போர்கள் அதுக்கு அசையாது. அழுத்தத்துல நீராவி 121 டிகிரி போய் 15, 20 நிமிஷம் நின்னாத்தான் கதை முடியும். பணம் போட்டு வாங்கிட்டாலும், நேரம் ஆகுதுன்னு அதை மூலையில வெச்சுடறாங்க. ஒரே ஒரு செட் சாமான் இருந்தா அப்படித்தான் ஆகும். நாலு செட் இருந்தா சுழற்சியில ஓடும்.

2020 ஜூன்ல சென்னை சலூன்கள் திரும்பத் திறந்தப்போ, முடி வெட்டவே ஆதார் விவரம் குடுக்கணும்னு அரசு சொன்னது ஞாபகம் இருக்கா? அந்த நேரத்துல வாசல்லயே சானிட்டைசர், ஆளுக்கொரு துண்டு. அந்த ஆர்வம் எந்த மாசம் காணாமப் போச்சுன்னுதான் தெரியலை!

கல்யாண சீசனுக்கு வருவோம். பொண்ணுக்கு மேக்கப் முடிஞ்சதும் அக்கா, தங்கை, சித்தின்னு வரிசையா ஒரே காஜல் பென்சில். மார்கழி சபாக்கள்ல டான்ஸ் குரூப்போட கிரீன் ரூம்லயும் இதே கதைதான். 'மெட்ராஸ் ஐ'ன்னு நம்ம நாட்டுல ஒரு கண் நோய்க்கு நம்ம ஊர் பேரை வெச்சுக் கூப்பிடறாங்க. 1918-ல் இங்கே அது பெரிசாப் பரவினதால வந்த பேர். பெரும்பாலும் அடினோ வைரஸோட வேலை. சாமான் மேல நாள்கணக்குல உட்கார்ந்திருக்கும், ஆல்கஹாலுக்கும் லேசுல மசியாது. பென்சிலை ஆளுக்கு ஒரு தடவை சீவினா மேல் பரப்பு போகும், சீவற ஷார்ப்னர் அப்படியேதானே இருக்கு? மஸ்காராவுக்கு யூஸ் அண்ட் த்ரோ பிரஷ், க்ரீமை டப்பாவுல இருந்து எடுக்க ஐஸ் குச்சி, லிப்ஸ்டிக்கைத் தட்டுல சுரண்டி வெச்சுப் போடறது... செலவுன்னு பார்த்தா ஒரு காபி காசுதான். வாக்ஸ் டப்பாவுல தொட்ட குச்சியை மறுபடி தொடாதீங்க. அது சட்னியில எச்சில் இட்லி முக்கின மாதிரி.

கஷ்டமான பாடம் ஒண்ணு இருக்கு, அதை எந்த புஸ்தகமும் சரியாச் சொல்லித் தரலை. முடியாதுன்னு சொல்றது! கஸ்டமர் கழுத்துல வட்டமா, ஓரம் சிவந்த படர்தாமரை. "நாளைக்கு ரிசப்ஷன்ம்மா, எப்படியாவது வாக்ஸ் பண்ணி விடு." ஓனர் அக்கா கண்ணாலயே 'பண்ணு'ங்கறாங்க. நீங்களோ டிரெய்னி. இந்தியாவில இப்போ சுத்தற படர்தாமரை பழைய ரகம் இல்லை. 2020-ல் 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடீனியே'ன்னு நம்ம நாட்டுப் பேரையே சேர்த்து வெச்ச ஒரு பூஞ்சை, வழக்கமான மாத்திரைக்கே அடங்க மாட்டேங்குது. கடையில தானா வாங்கித் தடவற ஸ்டீராய்டு க்ரீம், அரிப்பைக் குறைச்சுட்டு நோயை வளர்த்து விடுது. உங்க துண்டு வழியா அது அடுத்த பத்து வீட்டுக்குப் போகும். "அக்கா, இந்த இடத்துல வாக்ஸ் பட்டா நாளைக்கு போட்டோவுல செவசெவன்னு தெரியும். கையை மட்டும் பண்ணித் தர்றேன், கழுத்தை டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. நோய்னு சொன்னா கோபம் வரும், போட்டோன்னு சொன்னா கேட்பாங்க!

கடைசியா, உங்க கை. ஒரு நாளைக்கு இருபது பேரைத் தொடறது நீங்கதான், ரிஸ்க்கும் உங்களுக்குத்தான் அதிகம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ்: இன்னிக்கு, ஒரு மாசம் கழிச்சு, ஆறாவது மாசம். சின்ன வயசுல போட்டீங்களான்னு அம்மாகிட்ட கேளுங்க. தெரியலைன்னா டாக்டர்கிட்ட போங்க. ரத்தம் பட்ட கட்டர் உங்க விரலைக் கிழிச்சுட்டா, அமுக்கிப் பிழியாதீங்க, வாயில வெச்சு உறிஞ்சாதீங்க. ஓடற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையான்னு அவங்க பார்ப்பாங்க. அதை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா இன்னும் நல்லது. மாத்திரை 28 நாள். ஓனர் திட்டுவாங்கன்னு மறைச்சு வெச்சு மூணு நாளைக் கடத்திடாதீங்க.