உங்களுக்குத் தெரியுமா? முன்விளக்கு முதல் பின்விளக்கு வரை தெளிவு

ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் 1986இல் திறக்கப்பட்டு, பின்னர் மூடப்பட்டுவிட்ட பந்தயத் தடம் போன்ற இடங்களில் கார்களைப் படமெடுப்போர், புல ஆழத்தை, அதாவது படத்தில் தெளிவாகத் தோன்றும் முன்பின் தூரத்தை, நிற்கும் காருக்கு ஒருவிதமாகவும் ஓடும் காருக்கு வேறுவிதமாகவும் கணிக்க வேண்டும். 35 மி.மீ. பிலிம் அளவுள்ள உணரியில் 50 மி.மீ. லென்ஸை 5 மீட்டர் தொலைவில் குவிக்கும்போது, துளையளவு எஃப்/2 எனில் ஏறத்தாழ 1.2 மீட்டர் மட்டுமே தெளிவாகப் பதிவதால், சாய்வாக நிற்கும் காரின் முன்விளக்கு கூர்மையாக இருக்கப் பின்பகுதி மங்கிவிடுகிறது. எஃப்/8க்குச் சுருக்கினால் தெளிவு சுமார் 3.4 மீட்டரிலிருந்து 9.6 மீட்டர் வரை விரிந்து, நான்கரை மீட்டர் நீளக் கார் முழுதும் அதற்குள் அடங்குகிறது. தெளிவு குவிபுள்ளிக்குப் பின்னால்தான் மிகுதியாகப் பரவுவதால், முன்விளக்கைவிட முன்சக்கரத்தை அடுத்த பகுதியில் குவிப்பதே சிறந்தது. எஃப்/22 வரை சுருக்குவது நல்லதன்று. நுண்துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு படம் முழுவதன் கூர்மையையும் குறைத்துவிடும்.

ஓடும் காரோடு கேமராவைத் திருப்பியபடி 1/60 நொடியில் எடுக்கையில், நிலநடுக்கோட்டை ஒட்டிய ஜொகூரின் உச்சிவெயிலே துளையைச் சுருக்க வைத்துப் போதிய புல ஆழத்தைத் தந்துவிடுகிறது; அப்படியும் அருகிலிருந்து எடுத்த படத்தில் பின்பகுதி மங்கினால், அது புல ஆழக் குறை அன்று, காரின் இரு முனைகளும் கேமராவின் பார்வையில் வெவ்வேறு கோண வேகத்தில் நகர்வதன் விளைவாகும்.