ஏர்ஃபைபர் வீட்டில் சொந்த ரவுட்டர்

ஏர்ஃபைபர் போன்ற கம்பியில்லா வீட்டு இணையத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மொட்டை மாடியில் குழாயில் கட்டியோ சுவரில் திருகியோ வைத்த பெட்டி கைபேசிக் கோபுரத்தோடு பேசுகிறது. அதற்குள் 5ஜி மோடம் இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஈதர்நெட் கேபிள் வீட்டுக்குள் இறங்கி ரவுட்டரில் முடிகிறது. வந்த இணைப்பை வைஃபையாகவும் கேபிளாகவும் வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். சில சேவைகளில் இரண்டும் ஒரே பெட்டியாக ஜன்னல் ஓரத்தில் இருக்கும். சொந்த ரவுட்டர் வாங்கி மாட்டுகிறவர் மாற்றுவது இரண்டாவது வேலையை மட்டும்தான். கோபுரத்திலிருந்து மாடிக்கு வராத வேகத்தை எவ்வளவு விலை உயர்ந்த ரவுட்டராலும் உண்டாக்க முடியாது. ஆனால் மாடிவரை வந்துவிட்டு வீட்டுக்குள் வீணாகிற வேகத்தை நல்ல ரவுட்டர் மீட்டுத் தரும்.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. மறு ஆண்டே அது வீட்டு இணையமாகவும் வந்தது. ஏர்டெல் 2023 ஆகஸ்டில் டெல்லியிலும் மும்பையிலும் தன் ஏர்ஃபைபரை விற்கத் தொடங்கியது. ஜியோ 2023 செப்டம்பர் 19 அன்று சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. ஜியோவின் அன்றைய தொடக்கத் திட்டம் மாதம் 599 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் வேகம், வரி தனி. பள்ளம் தோண்டிக் கண்ணாடி இழை பதிக்க வேண்டாம் என்பதால் இந்த வகைச் சேவை பெருநகரங்களைத் தாண்டிச் சிற்றூர்களுக்கும் விரைவாகப் பரவியது. இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அந்தப் பகுதியின் கைபேசிகளும் மாடிப் பெட்டிகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஊரே வீடியோ பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொருவர் பங்கும் சுருங்குகிறது.

கம்பியில்லா வீட்டு இணையம் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிதல்ல. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் வீட்டுக்குத் தொலைபேசியோடு 35 அல்லது 70 கேபிபிஎஸ் இணையமும் தந்தது அது. 2000களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணையக் கூடங்கள் அதை நம்பித்தான் நடந்தன. சுவரில் மாட்டிய பெட்டி நிறுவனம் கொடுத்தது. பயனாளர் கணினியைச் செருகலாம், அவ்வளவுதான். அதே பத்தாண்டில் தேனிப் பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வேறொரு வழியில் போனார்கள். சாதாரண வைஃபை அட்டைகளையும் திசை ஆன்டெனாக்களையும் கொண்டு தாங்களே ரவுட்டர் கட்டி, நெடுந்தூரத்துக்கு ஏற்றபடி மென்பொருளைத் திருத்தி, கிராமப் பார்வை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். மையத்தில் அமர்ந்திருந்த நோயாளியை மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார். சொந்த ரவுட்டர் என்பது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

சாதாரண வீட்டில் சொந்த ரவுட்டர் எதற்குத் தேவை என்பதை ஓர் ஊரை வைத்துப் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியை ஒட்டி இருக்கும் ஆரணி, பட்டுக்காகப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். நெசவு இங்கே வீட்டுக்குள் நடக்கும் தொழில். பழைய நெசவாளர் வீடு அகலம் குறைந்து நீளம் கூடியது: தெருவை ஒட்டிய கூடத்தில் தறி, அதன் பின்னால் அறை, சமையல்கட்டு, கடைசியில் திறந்தவெளி. நடுவில் தடித்த செங்கல் சுவர்கள். இணைப்பு கொடுக்க வருகிறவர் கேபிள் இறங்கும் இடத்தில், பெரும்பாலும் டிவி பக்கத்தில், ரவுட்டரை வைத்துவிட்டுப் போகிறார். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் இப்படிப்பட்ட இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும். ஆனால் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருவில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதன் மூன்றே தனித்த சேனல்களில் (1, 6, 11) நெருக்குகின்றன. தறிக் கூடத்திலிருந்து கடைக்காரருக்குச் சேலையின் முந்தானையை வீடியோ காலில் காட்டும்போது படம் உறைந்து நிற்பதற்குக் காரணம் கோபுரமாகவும் இருக்கலாம், இந்தச் சுவராகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் பணம் செலவழிக்கக் கூடாது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு மடிக்கணினியை நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் கேபிள் மூலம் செருகி வேகம் பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை. கேபிளில் திட்டத்தின் வேகம் முழுதாக வந்து, தறிக் கூடத்தில் வைஃபையில் மட்டும் விழுந்தால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. அங்கே சொந்த ரவுட்டர் உதவும். கேபிளிலும் காலையில் நன்றாக வந்து இரவில் சரிந்தால் கோபுரத்தில் நெரிசல். எப்போதுமே குறைவாக இருந்தால் மாடிப் பெட்டியின் இடமோ திசையோ சரியில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்திலோ நிறுவனத்தின் செயலியிலோ அலை வலிமை தெரிந்தால் அதைப் பார்க்கலாம்: மைனஸ் 90 டிபிஎம்முக்கு மேல் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே பலவீனம். பக்கத்து வீட்டில் புதிதாக எழுந்த மாடியோ தண்ணீர்த் தொட்டியோ குறுக்கே வந்திருந்தால் பெட்டியை ஓரிரு மீட்டர் நகர்த்துவதே போதுமானதாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 30 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு வைஃபை 7 ரவுட்டர் வாங்குவது வீண் செலவு. அந்த வேகத்துக்குப் பழைய ரவுட்டரே தாராளம். தேவை வேகமல்ல, எட்டும் தூரம்.

சொந்த ரவுட்டரைச் சேர்க்கும் வழிகளில் எளியதும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானதும் அக்சஸ் பாயின்ட் முறை. நிறுவனத்தின் ரவுட்டர் முன்போலவே முகவரிகளை வழங்கும். சொந்த ரவுட்டர் அதிலிருந்து ஒரு கேபிளில் தொங்கி, வைஃபையை மட்டும் பரப்பும். கேபிளைத் தறிக் கூடம்வரை இழுத்து அங்கே அதை வைத்துவிட்டால் சுவர்ப் பிரச்சினை தீர்ந்தது. ரவுட்டரில் அக்சஸ் பாயின்ட் என்ற தெரிவு இல்லாவிட்டாலும் கவலை இல்லை. முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி வசதியை அணைத்து, ஜியோ ரவுட்டர் வழக்கமாக வைத்துக்கொள்ளும் 192.168.29.1 போன்ற முகவரிக்குப் பக்கத்தில், அதே வரிசையில், வேறு யாருக்கும் வழங்கப்படாத முகவரி ஒன்றைக் கொடுத்து, கேபிளை, இணையம் வருவதற்கான வான் (WAN) துளையில் அல்லாமல், வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) துளையில் செருகினால் அதே பலன். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, சேனலை மட்டும் மாற்றிவிட்டால் கைபேசி ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தானாகத் தாவும். கேபிள் இழுக்க முடியாத வீட்டுக்கு, தமக்குள் வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் மெஷ் ரவுட்டர்கள் உண்டு. ஆனால் கேபிளின் உறுதி அவற்றுக்கு வராது.

இரண்டாவது வழி, சொந்த ரவுட்டரை முழு ரவுட்டராகவே நிறுவனத்தின் ரவுட்டருக்குப் பின்னால் வைப்பது. குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, விருந்தினருக்குத் தனி வைஃபை, விளம்பரத் தடுப்பு என்று தன் விருப்பப்படி அமைக்க நினைப்பவர்கள் இதைத் தேர்கிறார்கள். வீடியோவும் வாட்ஸ்அப்பும் சிக்கலின்றி ஓடும். கவனிக்க வேண்டியது, இரண்டு ரவுட்டரும் ஒரே முகவரி வரிசையைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டுமே 192.168.1.1 என்று நின்றால் இணையம் வந்ததுபோல் காட்டி வராது. மூன்றாவது வழி பிரிட்ஜ் அல்லது பாஸ்த்ரூ: நிறுவனத்தின் பெட்டி ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு, தனக்கு வரும் முகவரியை அப்படியே சொந்த ரவுட்டருக்குக் கொடுத்துவிடும். தொழில்நுட்பம் அறிந்தவர்கள் விரும்புவது இதைத்தான்; ஆனால் வீட்டு இணையப் பெட்டிகள் பலவற்றில் இந்தத் தெரிவு இருப்பதில்லை. மாடியிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கி நேராகச் சொந்த ரவுட்டரில் செருகிப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் திட்டத்தோடு வந்த டிவி பெட்டியும் தொலைபேசியும் நின்றுபோகலாம்; இணையமே வராமலும் போகலாம்.

பிரிட்ஜ் கிடைத்துவிட்டாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. எனவே கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. ஒரு தெருவுக்கே ஒரே கதவு எண் இருப்பது போன்றது இது: உள்ளிருந்து அனுப்பும் கடிதத்துக்குப் பதில் வரும், வெளியாள் யாரும் தானாக ஒரு வீட்டைத் தேடி வர முடியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் வீடு இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது என்று அறியலாம். பட்டுக் கடையின் சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து வைப்பது இங்கே பலிக்காது. சிசிடிவி நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பது, அல்லது வீட்டிலிருந்தே வெளியே இணைப்பைத் தொடங்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னைச் சொந்த ரவுட்டரில் போடுவது ஆகியவையே நடைமுறை வழிகள். விபிஎன் வழி, சொந்த ரவுட்டர் இருந்தால் வசதியாக அமையும்.

புதிய முறையான ஐபிவி6இல் இந்த முகவரிப் பஞ்சம் இல்லை, இந்தியக் கைபேசி வலைகளில் அது பரவலாகவும் இருக்கிறது. ஆனால் கைபேசி வலை வழக்கமாக ஓர் இணைப்புக்கு ஒரே ஒரு முகவரித் தொகுதியைத்தான் தரும். அதை முதல் ரவுட்டர் எடுத்துக்கொண்டால் பின்னால் நிற்கும் ரவுட்டருக்கு மிச்சமிருக்காது. ஐபிவி6 வேண்டியவர்களுக்கு இதனாலும் அக்சஸ் பாயின்ட் முறையே மேல்.

நிறுவனத்தின் கருவிகளையே ஒதுக்கிவிட்டு, சிம் துளை உள்ள 5ஜி ரவுட்டரைச் சந்தையில் வாங்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. ஜியோவின் 5ஜி, 4ஜியின் துணையின்றித் தனித்து நிற்கும் எஸ்ஏ முறையில் இயங்குகிறது. அந்த முறை இல்லாத ரவுட்டருக்கு ஜியோ 5ஜி கண்ணுக்கே தெரியாது. 700 மெகாஹெர்ட்ஸும் (என்28) 3.5 கிகாஹெர்ட்ஸும் (என்78) அதில் இருக்க வேண்டும். முன்னது தூரம் போகும், சுவரைத் தாண்டும்; பின்னது வேகம் தரும். வீட்டு இணையத் திட்டத்தின் சிம், அதோடு வந்த பெட்டியில் மட்டும் வேலை செய்யும்படி கட்டப்பட்டிருக்கலாம். கைபேசித் திட்டத்தின் வரம்பில்லா 5ஜியோ, கைபேசிக்கென்று நிபந்தனை போட்டுத் தருவது. இரண்டையும் விசாரிக்காமல் ஆயிரக்கணக்கில் செலவழிப்பது ஆபத்து.

வீடியோ கால் இடறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சொந்த ரவுட்டர் அதை நன்றாகவே தீர்க்கிறது. 5ஜி வலைகள் பதிவிறக்கத்துக்கு அதிக நேரமும் பதிவேற்றத்துக்குக் குறைந்த நேரமும் ஒதுக்குகின்றன. ஒருவர் ஐம்பது சேலைப் படங்களை ஏற்றத் தொடங்கியதும் அந்தக் குறுகிய பாதை நிரம்பி, தரவுப் பொட்டலங்கள் பெட்டிக்குள் வரிசைகட்டி நிற்கின்றன. அதே நேரத்தில் நடக்கும் உரையாடல் தடுமாறுகிறது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் என்ற முறையும், அதன் வழிவந்த கேக்கும், வரிசை நீளாமல் பார்த்துக்கொள்கின்றன. ஓப்பன்டபிள்யுஆர்டி மென்பொருள் ஏற்கும் ரவுட்டரில் இவற்றை இயக்கலாம். பதிவேற்ற வரம்பை, நெரிசல் நேரத்தில் கிடைக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். மொத்த வேகத்தில் கொஞ்சம் குறையும், பேச்சு தெளியும். விலை உயர்ந்த ஆன்டெனாக்களைவிட இந்த ஒரு அமைப்பு அதிகப் பயன் தரும்.

பயனாளர் தனக்குப் பிடித்த கருவியை மாட்டும் உரிமைக்காக வேறு நாடுகளில் சட்டமே வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1968இல் வந்த கார்ட்டர்ஃபோன் தீர்ப்பு, தொலைபேசி வலையில் பிறர் தயாரித்த கருவியை இணைக்கும் வழியைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதிமுறை, விரும்பிய கருவியைப் பயன்படுத்தும் உரிமையைப் பயனாளருக்குக் கொடுத்தது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் நிறுவனங்கள் தம் ரவுட்டரைத் திணிக்க முடியாது. இந்தியப் பயனாளருக்கும் இப்படி ஓர் உரிமை எழுத்தில் கிடைக்க வேண்டும். குறைந்தது பிரிட்ஜ் தெரிவையாவது எல்லாப் பெட்டியிலும் தர வேண்டும்.

உரிமையோடு பொறுப்பும் வருகிறது. நிறுவனத்தின் ரவுட்டருக்கு மென்பொருள் புதுப்பிப்பை நிறுவனம் அனுப்பும். சொந்த ரவுட்டருக்கு உரிமையாளர்தான் பார்க்க வேண்டும். 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்தான். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரவுட்டரில் நாட்டுத் தெரிவை இந்தியா என்று மாற்ற வேண்டும்.

கடைசியாக மின்சாரம். மாடிப் பெட்டிக்கு மின்சாரமும் அதே ஈதர்நெட் கேபிளில்தான் ஏறுகிறது. அதை ஏற்றுவது வீட்டுக்குள் இருக்கும் பிஓஇ அடாப்டர்; அதில் இரண்டு துளைகள். ஒன்று மாடிக்கு மின்சாரத்தோடு போவது, மற்றது தரவு மட்டும் ரவுட்டருக்கு வருவது. மாற்றிச் செருகினால் சில வகை அடாப்டர்கள் ரவுட்டரை எரித்துவிடும். ரவுட்டரை மட்டும் சிறு யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு மாடிப் பெட்டியை மறந்தால் மின்வெட்டில் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. இரண்டு அடாப்டர்களிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவுக்குப் பொருந்தும் யுபிஎஸ் வேண்டும். தேனியில் கண் மருத்துவமனை வலையைப் பராமரித்தவர்கள் எழுதிவைத்த அனுபவத்திலும், ரவுட்டர்களை அதிகம் கெடுத்ததாக அவர்கள் கண்டது மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான். மாடிப் பெட்டிக்கு நிலக்கம்பியும், அடாப்டருக்கு மின்னெழுச்சித் தடுப்பானும் வைப்பது ரவுட்டர் விலையில் சிறு பங்குதான்.